மாதம் தவறாத எல்லம்மா

கோருட்லாவிலிருந்து எர்ரகுண்டவுக்கு வரும் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எல்லம்மா எப்போது வருவாள் என்பது ஊருக்கே தெரியும். மாதத்துக்கு ஒரு தரம், போஷெட்டியின் மருமகள் ஸ்வரூபாவின் மேல் வருவாள். நாலைந்து நாள் இருப்பாள். ஸ்வரூபா வீட்டுக்கு விலக்காகும் அன்று சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவாள்.

"அம்மா தீட்டுல நிப்பாளா? அதான் முன்னாடியே எறங்கிடறா" என்று ஊர்ப் பெரியவர்கள் விளக்கம் சொன்னார்கள். விளக்கத்தில் ஒரு பொத்தல் கிடையாது. அம்மன் போவதால் தீட்டு வருகிறதா, தீட்டு வரப்போவதால்தான் அம்மன் வந்த மாதிரி இருக்கிறதா என்று யாரும் திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லை. வீடு தேடி வருகிற சாமியை யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

ஸ்வரூபாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. மெட்பல்லிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். புருஷன் நர்சிம்லு, கல்யாணக் களை கலைவதற்குள் மஸ்கட்டுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். எர்ரகுண்டப் பக்கத்து மாப்பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான். தாலி கட்ட லீவு கிடைத்தால் வந்து கட்டிவிட்டுப் போவார்கள். பெண் இங்கே மாமியார் வீட்டில் பீடி சுற்றிக்கொண்டு இருப்பாள்.

விடிந்ததிலிருந்து முறம் மடியில் இருக்கும். ஊறிய இலையைத் தகடு வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனை மடித்து, நூல் கட்டிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தூளின் நெடியில் பசி செத்துவிடும். செத்த பசியின் மேல் டீயை ஊற்றுவார்கள். சாப்பாட்டு வேளையில் முதலில் மாமனார் போஷெட்டி, பிறகு மாமியார் கங்கவ்வா, அதற்குப் பிறகு சட்டியில் எதுவும் ஒட்டியிருந்தால் ஸ்வரூபா. மாதவிலக்கு மட்டும் அவளுக்கு வஞ்சனையில்லாமல் வந்தது. பாவாடை மாற்றி மாளாது. போகிற ரத்தத்துக்கு ஊறுகிற ரத்தம் ஈடு கொடுக்கவில்லை. இதெல்லாம் பெண்கள் சமாச்சாரம் என்பதால் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கங்கவ்வாவும் பெண்தான். அவளுக்குத் தெரியும். தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் குடும்பம் நடக்காது என்பதும் தெரியும்.

அம்மன் முதல் தடவை வந்தது ஒரு புளிச்சாற்றுக்காக.

"என்னடி இது, புளியக் கரைச்சியா, கை கழுவுன தண்ணிய ஊத்துனியா?" என்று கங்கவ்வா கேட்டாள். தினம் கேட்கிற கேள்விதான். ஆனால் இரண்டு நாளாக ஸ்வரூபாவுக்குத் தலை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. மார்பு கனத்து வலித்தது. யார் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டாலும் அடிக்கலாம் போல இருந்தது. முறத்தைத் தூக்கி எறிந்தாள். இலையும் தூளும் வீடெல்லாம் பறந்தன. வாசலில் கயிற்றுக் கட்டிலில் கிடந்த மாமனார், "என்ன உள்ள சத்தம்?" என்று கழுத்தை நீட்டினார்.

"டேய் போஷெட்டி! வந்து நீயே கரைச்சுக் குடிடா!"

எர்ரகுண்டவில் மருமகள் மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டில் ஒன்று. அவளுக்கு உதை வேண்டும், இல்லையென்றால் அவள் மேல் யாரோ வந்திருக்கிறார்கள். போஷெட்டி எழுந்து வந்து வாசற்படியில் நின்று யோசித்தார். உதைத்தால் அவள் அண்ணன்மார்கள் டிராக்டர் கட்டிக்கொண்டு வருவார்கள். மஸ்கட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். சாமி என்றால் ஒரு தேங்காயோடு போயிற்று.

அதற்குள் ஸ்வரூபாவே அவருக்கு வழி செய்து கொடுத்தாள். எழுந்த வேகத்தில் கண் இருட்டிக்கொண்டு வர, சுவரைத் தேடித் தள்ளாடினாள். போஷெட்டியின் கண்ணுக்கு அது ஆட்டமாகத் தெரிந்தது.

"யாரும்மா நீ? யாரு வந்திருக்கே, சொல்லு!"

"தலை... தலை வலிக்குது. விடுங்க மாமா."

"கேட்டியாடி கங்கவ்வா? தலைங்கறா! தலை மட்டும் தனியா நிக்கிறவ யாரு? எல்லம்மாடி! நம்ம வீட்டுக்கு எல்லம்மா வந்திருக்காடி!"

கங்கவ்வா ஓடிப்போய் மஞ்சள் கரைத்தாள். பக்கத்து வீட்டிலிருந்து வேப்பிலை வந்தது. அதன் பின்னால் பக்கத்து வீடும் வந்தது. தலையில் மஞ்சள் தண்ணீர் கொட்டியதும் ஸ்வரூபாவுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்தது. "அம்மா குளுந்துட்டா" என்றார்கள். இரண்டு நாளில் அவள் விலக்கானாள். அம்மா போய்விட்டாள்.

அடுத்த மாதம் அதே சமயத்தில் சோற்றுப் பானை பறந்தது. அதற்கடுத்த மாதம் ஊரே முன்கூட்டித் தயாராக இருந்தது.

பக்தர்கள் என்று சேர்ந்துவிட்டால் எதற்கும் அர்த்தம் கிடைத்துவிடும். ஸ்வரூபா நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போனாள். உதடும் நகமும் சுண்ணாம்பு நிறத்துக்கு வந்தன. "மூஞ்சில என்ன களை பாரு, அம்மாவோட வெளிச்சம்" என்றார்கள். கோயில் மேட்டில் நாலு படி ஏறுவதற்குள் மூச்சு இரைத்து உட்கார்ந்துவிட்டாள். "அம்மா பாரம் லேசா?" என்றார்கள். அவளுக்குப் பலப்பம் தின்னும் ஆசை வந்திருந்தது. சிலேட்டில் எழுதுகிற அதே பலப்பம்தான். யாருக்கும் தெரியாமல் முந்தானையில் முடிந்து வைத்து நறுக்நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கங்கவ்வா பார்த்துவிட்டாள். அந்த மாதத்திலிருந்து தேங்காய், ரவிக்கைத் துணியோடு பலப்பமும் பெட்டி பெட்டியாகக் காணிக்கை வந்தது. கோருட்லா கடைவீதியில் ஒரு நோட்டுப் புத்தகக் கடைக்காரர், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைகிறார்கள், பலப்பம் மட்டும் எப்படி இத்தனை விற்கிறது என்று புரியாமல் இரண்டு மடங்கு சரக்கு எடுத்தார்.

ஸ்வரூபா எல்லம்மாவை நம்பினாளா என்றால், முதலில் பயந்தாள். பிறகு ஒரு விஷயத்தைக் கவனித்தாள். இரண்டு வருஷமாக அவள் கேட்டு நடக்காத காரியம், அந்த நாலைந்து நாளில் கேட்டால் நடந்தது. குளிக்கிற இடத்துக்கு ஒரு கதவு போடுங்கள் என்று மருமகள் கேட்டபோது, "ஏன், உங்க அப்பன் வீட்ல அரண்மனைக் கதவா இருந்துச்சு?" என்றவர்தான் போஷெட்டி. "கதவு எங்கடா?" என்று எல்லம்மா கேட்டதும் மறுநாளே தச்சன் வந்தான். நர்சிம்லுவும் அப்படியே. மற்ற நாளில் போனில் "ஏன்டி, சாப்ட்டியா?" என்பான். அந்த நாள்களில் வீடியோ காலில் கைகூப்பிக்கொண்டு, கூட வேலை செய்யும் நாலு பேரையும் பின்னால் நிற்க வைத்து, "அம்மா, எங்க சூப்பர்வைசர் மனசு மாறணும்மா" என்பான்.

எல்லாமே நடந்ததாகவும் சொல்ல முடியாது. ஒரு மாதம் ஈரல் கேட்டாள். நாக்கு அப்படி ஊறியது. ஆடு வெட்டினார்கள். வறுத்த ஈரல் வாழையிலையில் அவள் முன்னால் ஆவி பறக்க வந்தது. கற்பூரம் காட்டி, கள் தெளித்து, விழுந்து கும்பிட்டார்கள். பிறகு அது பிரசாதமாகி, போஷெட்டியும் அவருடைய கூட்டாளிகளும் மிச்சக் கள்ளுக்கு அதைத் தொட்டுக்கொண்டார்கள். எல்லம்மாவுக்கு வாசனை கிடைத்தது.

அந்தக் கூட்டத்தில்தான் ஒருநாள் நர்ஸ் மணெம்மா வந்து உட்கார்ந்தாள். பக்கத்து ஊர்த் துணை சுகாதார நிலையம் அவளுடையது. சோகை ஒழிப்புக் கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசுகிறவள். அன்றைக்கு வந்தது பேச அல்ல, மகனுக்கு துபாய் விசா வருமா என்று கேட்க. எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு அம்மனின் காலைத் தொட்டவள், கால் நகத்தைப் பார்த்தாள். விசாவை மறந்துவிட்டு அம்மனின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

கூட்டம் திகைத்தது. "ஏ மணெம்மா, சாமி கண்ணுல கைய வைக்கிறியே!"

"அம்மா இருக்கா, யாரு இல்லன்னது?" என்றாள் மணெம்மா. "ரத்தம் எங்க இருக்கு, அதச் சொல்லுங்க."

அந்த மாதம் அம்மன் இறங்கியதும் ஸ்வரூபாவைத் தன் இடத்துக்கு வரவழைத்து விரலில் குத்திப் பார்த்தாள். "ரத்தம் ஏழு இருக்கு புள்ள. பன்னெண்டு இருக்கணும். மாசாமாசம் போறது போய்ட்டே இருக்கு, நீ திங்கறது பலப்பம். விலக்குக்கு முன்னாடி எல்லாருக்கும்தான் எரிச்சல் வரும், தலை வலிக்கும். எனக்கு வரல? ரத்தமும் இல்லாத உடம்புக்கு அது பேயாட்டம் போடும்." ரத்தம் ஊற மாத்திரை அட்டைகளைக் கொடுத்து, தினம் ஒன்று போடச் சொன்னாள்.

ஸ்வரூபா வீட்டில் வந்து ஏழு என்று சொன்னாள். போஷெட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எல்லம்மாவோட அக்கா தங்கச்சி ஏழு பேராச்சே! ஏழு பேரும் சேர்ந்துல்ல வந்திருக்காங்க!" மாத்திரையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா கொடுக்கிறதை எதற்கு வேண்டாம் என்பது?

இரண்டு மாதம் விழுங்கியும் ஒன்றும் ஆகவில்லை. எல்லம்மா பழையபடியே வந்தாள், தட்டு பழையபடியே பறந்தது. மணெம்மா வந்து கேட்டாள், "எதுலடி போடுற மாத்திரைய?"

"டீயில."

மணெம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாத்திரையோடு டீ குடிக்காதீர்கள் என்று அவள் மைக்கில் பேசாத கூட்டம் இல்லை. அந்தக் கூட்டங்களில் முதலில் மாத்திரை கொடுப்பார்கள், பேச்சு முடியும்போது எல்லாருக்கும் டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். மேடையில் சொன்னதைத் தனியாக ஒரு ஆளிடம் சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. "எலுமிச்சந்தண்ணில போடு. டீய ரெண்டு மணி நேரம் தள்ளி வை" என்றாள். எலுமிச்சம்பழத்துக்கு அந்த வீட்டில் பஞ்சமா? கூடை கூடையாகக் காணிக்கை வந்து கிடந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நின்றது. முதலில் பலப்பத்தின் மேல் ஆசை போனது. ஒருநாள் கடித்தவள், மண்ணாக இருக்கிறதே என்று துப்பினாள். பிறகு கோயில் மேட்டுப் படிகளில் நிற்காமல் ஏறினாள். விலக்குக்கு முந்தின நாள்களில் தலை வலித்தது, எரிச்சலும் வந்தது. ஆனால் கையில் பிடித்து வைத்துக்கொள்கிற அளவுக்குத்தான் வந்தது. முறம் மடியிலேயே இருந்தது.

அந்த மாதம் கூட்டம் வந்து உட்கார்ந்திருந்தது. ஸ்வரூபா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கள் புளித்துக்கொண்டிருந்தது. போஷெட்டி கங்கவ்வாவைத் தனியே கூப்பிட்டார்.

"எதாச்சும் சொல்லுடி அவள. கோவம் வரட்டும்."

"என்னன்னு சொல்ல?"

"தினம் சொல்றது என்ன? அதையே சொல்லு!"

கங்கவ்வா போய், "நீ வச்ச பருப்ப நாய் கூட மோந்து பாக்காது" என்றாள்.

"நாளைக்கி நல்லா வைக்கிறேன் அத்தை."

"உங்க அம்மா உனக்கு என்னத்தக் கத்துக் குடுத்தா?"

"அவளுக்குத் தெரிஞ்சத."

கங்கவ்வா திரும்பி வந்தாள். "வர மாட்டேங்கறா. நல்லா இருக்கா" என்றாள், ஏதோ சாவுச் செய்தி சொல்கிற குரலில்.

அன்று ராத்திரிக்குள் காரணம் கண்டுபிடித்தாயிற்று. மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதில் செய்தது என்று போஷெட்டி கேட்டார். இரும்புச் சத்து என்றாள் ஸ்வரூபா.

"இரும்பு!" அவர் எழுந்து நின்றுவிட்டார். "பிள்ளைத்தாச்சி தலைமாட்டுல எதுக்குடி அருவா வைக்கிறோம்? இரும்பு இருந்தா கிட்ட வர மாட்டாங்கன்னுதான? நீ அருவாளையே முழுங்கிட்டு உக்காந்திருக்கே! எல்லம்மா எந்த வழியா வருவா?"

அந்த ஊர் விளக்கத்தில் பொத்தல் இருக்காது என்றுதான் முதலிலேயே சொன்னேனே. மாத்திரைகள் தகரப் பெட்டிக்குள் போய்ப் பூட்டப்பட்டன. மஸ்கட்டுக்குப் போன் போனது. நர்சிம்லு சங்கடத்தோடு, "ஸ்வரூபா, கொஞ்ச நாளைக்கு நிறுத்தித்தான் பாரேன். இங்க எல்லாரும் கேக்கறாங்க" என்றான்.

"உனக்கு நான் நல்லா இருக்கணுமா, அம்மா வரணுமா?"

"ரெண்டும்தான்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வீட்டு வாசலில் எல்லம்மாவுக்கு மேடை கட்டப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஊர்த் தலைவரான சர்பஞ்ச் சிமெண்ட் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அம்மனின் நாள்களில் வருகிற செவ்வாய்க்கிழமை அவள் வந்து தன் வாயால் இடம் காட்ட வேண்டும், அன்றைக்கே கல் நடலாம் என்று முடிவாயிற்று. மேடை எழுந்துவிட்டால் மாதாமாதம் அதன் மேல் ஏறி உட்கார்ந்தே ஆக வேண்டும். உட்கார வேண்டுமானால் உடம்பில் ரத்தம் இருக்கக் கூடாது. ஸ்வரூபாவுக்குக் கணக்கு அவ்வளவு சுருக்கமாகத்தான் தெரிந்தது.

ஆனாலும் அவள் அந்த நாள்களில் ஊசலாடினாள் என்பதை மறைப்பதற்கில்லை. அம்மன் வராத மாதத்திலேயே வீடு பழைய வீடாகிவிட்டது. "இந்தா", "ஏய்", "காது கேக்கலையா" என்று எல்லாம் திரும்பி வந்தன. யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை, அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. மூச்சு வாங்கி, தலை சுற்றி, பலப்பம் தின்று கிடந்தாலும், மாதத்தில் நாலு நாள் ஒரு வீடு நின்று கேட்டதே. நன்றாக இருந்தால் ஒரு நாள்கூட இல்லையே. முறத்தின் மேல் குனிந்துகொண்டு இதையே போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தாள். பொய்க்கு ஆடலாம் என்றும் தோன்றியது. கூந்தலை அவிழ்த்துவிட்டு நாலு சுற்றுச் சுற்றினால் இவர்களுக்குப் போதும். ஆனால் மாத்திரை பெட்டிக்குள்ளேயே இருக்கும். கொஞ்ச நாளில் பொய்க்கு ஆட வேண்டிய தேவையும் இல்லாமல் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை வாசல் நிறைந்திருந்தது. சர்பஞ்ச் நாற்காலியில் இருந்தார். பறை அடித்தார்கள். கங்கவ்வா மருமகளுக்கு முகமெல்லாம் மஞ்சள் பூசி நடுவில் உட்கார வைத்தாள். பறை வேகம் எடுத்தது. ஸ்வரூபா அசையவில்லை. அடிக்கிறவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது. போஷெட்டி கற்பூரத்தை மூக்கருகே கொண்டுவந்தார்.

"யாரும்மா வந்திருக்கே? சொல்லும்மா!"

"ஸ்வரூபா."

பறை நின்றது. போஷெட்டி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அம்மா விளையாடறா" என்றார். குனிந்து பல்லைக் கடித்தார். "ஒழுங்கா சொல்லு. யாரு?"

"ஸ்வரூபா, மாமா. உங்க மருமக. உங்க வீட்ல பீடி சுத்தறவ." குரல் உயரவில்லை, தலை ஆடவில்லை. "பெட்டிக்குள்ள என் மாத்திரையப் பூட்டி வச்சிருக்கீங்க. அது எனக்கு வேணும். ரத்தம் இல்லாததால வந்த வெறி அது. அத எல்லம்மான்னு நீங்க சொன்னீங்க, நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்தா கதவு, மரியாதை எல்லாம் கெடச்சுது. இனிமே வேணாம். சாவியக் குடுங்க."

சர்பஞ்ச் தொண்டையைச் செருமினார். கூட்டத்தில் ஒரு கிழவர் நம்பிக்கையை விடாமல், "அப்போ அம்மா எந்த மாசம் வருவா?" என்று கேட்டார்.

"வர மாட்டா தாத்தா. நான்தான் இருப்பேன். எதாச்சும் கேக்கணும்னா கேளுங்க, தெரிஞ்சதச் சொல்றேன்."

தெரிந்ததைச் சொல்கிற பெண்ணிடம் கேட்பதற்கு அந்த ஊரில் யாருக்கும் கேள்வி இல்லை. சர்பஞ்சுக்கு அவசர வேலை வந்துவிட்டது. தேங்காய் கொண்டுவந்தவர்கள் உடைக்காமலே எடுத்துப் போனார்கள். வாசல் காலியானது. போஷெட்டி நின்ற இடத்திலேயே நின்றார். இப்போது அவளை உதைக்கலாம், சாமி இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள். ஆனால் தெருவில் இன்னும் நாலு பேர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். இத்தனை மாதம் காலில் விழுந்து கும்பிட்டவளை உதைக்கக் காலும் எழவில்லை. சாவியை முறத்தில் எறிந்துவிட்டுப் போய்க் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஸ்வரூபா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கிப் போட்டுக்கொண்டாள். திரும்பினால் கங்கவ்வா வாசற்படியில் நின்றிருந்தாள். அவளுக்கு இன்னும் நாற்பத்தைந்து ஆகவில்லை. அவள் வாயைப் பற்றி ஊரில் பெரிய பெயர். மாதத்தில் சில நாள் அந்த வீட்டுப் பக்கம் காக்கை கூட உட்காராது என்பார்கள்.

"இதுல எனக்கும் ரெண்டு குடுடி" என்றாள்.

"உங்களுக்கு எதுக்கு அத்தை?"

"எதுக்கா? எனக்கும்தான் கல்யாணம் ஆனதுலேருந்து மாசாமாசம் வருது. இதே தலைவலி, இதே வெறி, இதே சட்டி பானை. உன் மாமன் எனக்கு ஒரு தேங்கா உடைச்சிருப்பானா? கட்டைய எடுத்துல்ல முதுகுல போட்டான்! உனக்கு வந்தா எல்லம்மா, எனக்கு வந்தா கொழுப்பா?"

கடைசி வரிகளைக் கங்கவ்வா வாசல் பக்கம் திரும்பி, தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். கயிற்றுக் கட்டில் கிறீச்சிட்டது. போஷெட்டி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கள்ளுக்கடைப் பக்கம் வேகமாக நடந்தார்.